மார்கழி வரத்து

முதலில் வந்தது வாசனைதான். பங்குனி வெயிலில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லாருக்கும் கண் செருகுகிற நேரத்தில், எங்கள் ஆய்வகத்தின் ஓவனைத் திறந்தால் பன்னீரும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை சூட்டோடு முகத்தில் அடிக்கும். ஓவனுக்குள் இருந்தவை பருத்தி நாரும் ஸ்டார்ச்சும் ஆமணக்கெண்ணெயும் சேர்த்து வார்த்த தகடுகள். அவற்றிலிருந்து கஞ்சி வாசனை வரலாம், எண்ணெய்ச் சிக்கு வரலாம். பன்னீர் வர வழியே இல்லை. கோயிலிலிருந்து காற்றில் வருகிறது என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கோயில் இருக்கிற திசையில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. என் கோபம் கல்லூரி முழுக்கப் பிரசித்தம்.

நான் வேதியியல் பேராசிரியை. பேய், பிசாசு, காற்றுக் கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். எங்கள் சங்கரன்கோவிலில் அந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கோயில் புற்று மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு தேர்வு எழுத வருகிற மாணவிகளை ஒன்றும் சொல்ல மாட்டேன். அதையே தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு வந்தால் திட்டுவேன். என் அறிவியல் அந்த எல்லையில்தான் காவல் நின்றது.

ஊர்க் கல்லூரியில் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவி என்றால் யாரும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பவள், ஓவனுக்கு உதிரி பாகம் கேட்டு மதுரைக்குப் போன் போடுபவள், குழுவில் யாராவது அழுதால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி அழவைப்பவள், அவ்வளவுதான். ஆனால் எடுத்துக்கொண்ட வேலை நல்ல வேலை. பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தாவரத்திலிருந்து ஒரு தகடு. தட்டாக அழுத்தலாம், நாற்றுத் தொட்டியாக மடிக்கலாம். பயன்படுத்தி முடித்ததும் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் கரைத்துத் திரும்பவும் வார்க்கலாம். தறிச் சத்தம் கேட்காத தெரு இந்த ஊரில் குறைவு. தறிகள் கழித்துப் போடுகிற பருத்தியே எங்கள் மூலப்பொருள் என்று திட்டத்தில் எழுதியிருந்தோம். கழிவிலிருந்துதான் செய்ய வேண்டும், புதுத் துணி வாங்கிச் செய்யக் கூடாது என்பது திட்டத்தின் உயிர்.

அந்தத் திட்டத்தை நம்பி ஒரு பெண் இருந்தாள். என் ஆய்வு மாணவி. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் உளுந்து போடுகிற குடும்பம். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஆஸ்பத்திரிக்கு அலைய வசதியாக இருக்கட்டும் என்று ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள். காலையில் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு ஆய்வகத்துக்கு எனக்கு முன்னால் வந்து நிற்பாள். கூடப் படித்தவர்கள் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். இவள் இன்னும் பருத்திக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் கடைசி நீட்டிப்பும் கொடுத்துவிட்டது. கார்த்திகை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். இத்தனை வருஷமும் வெறும் கூழாகப் போகும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நல்ல தகடு ஒன்று வர வேண்டும். அதே தகடு வேறொரு மூட்டைத் துணியிலிருந்து இரண்டாம் முறையும் வர வேண்டும். ஒரு தடவை வந்தால் அது அதிர்ஷ்டம், இரண்டாவது தடவையும் வந்தால்தான் ஆராய்ச்சி என்று நான் அவளிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

தறிக் கழிவு எங்களை ஏமாற்றியது. ஒரு மூட்டையில் சாயம், இன்னொன்றில் தறி எண்ணெய். இன்று வந்த தகடு நாளை வராது. அந்தச் சமயத்தில்தான் மார்க்கெட் பக்கம் பழைய துணி வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர், வெள்ளைத் துணி இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். வந்த மூட்டையைப் பிரித்தபோது எனக்குச் சந்தோஷத்தில் கை பரபரத்தது. மல் வேட்டி, துண்டு, சில வெள்ளைச் சேலைகள். ஒரு தடவைகூடத் துவைக்காதவை. நெசவில் போட்ட கஞ்சி அப்படியே இருந்தது. மடிப்பு மட்டும் கலைந்திருந்தது, அங்கங்கே மஞ்சள் கறை. சாமிக்குச் சாத்தி இறக்கிய துணியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சியிடம் கேட்கத் தோன்றவில்லை.

அந்தத் துணியிலிருந்து வந்த தகட்டை நான் மறக்க மாட்டேன். வெளிச்சத்தில் பிடித்தால் தயிர் ஏட்டைப் போல ஒரே சீராக இருந்தது. கரைத்தோம், வார்த்தோம், மறுபடி கரைத்தோம், மறுபடி வார்த்தோம். எந்த நாரும் ஒவ்வொரு கரைப்பிலும் கொஞ்சம் குட்டையாகும். தகடு பலம் இழந்தே தீரும். இது இழக்கவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பலம் கூடிக்கொண்டே போனது. அப்படி நடக்கக் கூடாது. கருவியில் கோளாறு என்று சொல்லி அதைச் சரிபார்க்க ஆள் வரவழைத்தேன். கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் டீ குடித்துப் போனான்.

வாசனை வர ஆரம்பித்ததும் அந்தத் துணி வந்த பிறகுதான். வேறு சிலவும் நடந்தன. தட்டையாக அடுக்கிக் கனம் வைத்துவிட்டுப் போன தகடுகள், காலையில் வந்து பார்த்தால் கனத்தைத் தள்ளிவிட்டு நடுவில் மேடாக எழும்பி, இரண்டு ஓரமும் கீழே சரிந்து கிடக்கும். எல்லாத் தகடும் ஒரே மாதிரி. அடியில் ஏதோ படுத்திருக்க, மேலே போர்த்தினது போல இருக்கும். ஈரப்பதம் என்றேன். ஈரப்பதத்துக்கு அப்படியொரு குணம் உண்டுதான். ஆனால் பங்குனியில் சங்கரன்கோவிலில் ஈரம் எங்கே இருக்கிறது?

துணியைக் கூழாக அரைக்கிற தொட்டியைக் கழுவும்போது ஒருநாள் அவள் கூப்பிட்டாள்.

“மேடம், அடியில அரிசி கெடக்கு.”

“மார்க்கெட் மூட்டைல்லா, எலி கொண்டு போட்டிருக்கும்.”

“எலி பச்சரிசியாப் பாத்துக் கொண்டாருமா, மேடம்?”

அவள் குரலில் கிண்டல் இல்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொரு நாள் ஒரு துண்டின் மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் காய்ந்த சந்தனம். அதையும் அவளே எடுத்து வைத்தாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு ஏன் விளங்கவில்லை என்றால், எங்கள் ஊர்ப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரர்கள் புதுத் துணி கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்துவார்கள். அதைத்தான் கோடி போடுவது என்கிறோம். எத்தனையோ கோடிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்புறம் கொட்டுச் சத்தத்தோடு பாடை கிளம்பும். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் அழுதுவிட்டுத் திரும்பி வந்து தலை முழுகுவோம். அதற்குப் பிறகு அந்தத் துணிகள் என்ன ஆகின்றன என்று யோசித்ததே இல்லை. எரிந்துபோகும் என்றுதான், யோசிக்காமலே, நினைத்திருந்தேன். எங்கள் குழு முழுக்கப் பெண்கள். ஊரில் எந்த ஆணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

முதல் வெற்றிக்குப் பிறகு இரண்டாம் மூட்டை வேண்டும் என்று வைகாசியில் அண்ணாச்சியின் குடோனுக்கு நானே நேரில் போனேன். அவளும் கூட வந்தாள். நல்ல மனிதர்; மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுக் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார்.

“இப்ப வரத்து இல்ல, மேடம். மார்கழி வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. பனி விழுந்தா நெறைய வரும்.”

“மார்கழியா? கார்த்திகைக்குள்ள இவ முடிச்சாகணும், அண்ணாச்சி. எப்படியாவது சீக்கிரம் ஏற்பாடு பண்ணுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நம்ம கையிலயா இருக்கு, மேடம்?”

“உங்க கையில இல்லாம யார் கையில இருக்கு? ஆள் அனுப்பி எடுக்கச் சொல்லுங்க. சும்மா சாக்குச் சொல்லாதீங்க.”

“அப்படிப் பேசாதீங்க, மேடம்.” அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். “வயசான ஆளுக நாலு பேரு படுக்கையில கெடக்காங்கதான். அதுக்காவ நாம போயி எடுன்னு சொல்ல முடியுமா? தானா வாரப்ப வரும்.”

நான் விழித்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“கோடித் துணிதான, மேடம். சுடுகாட்டுல உருவிப் போடுததை அங்கன வேலை பாக்குத ஆளுக எடுத்து வைப்பாக. அவங்ககிட்டருந்து நான் வாங்குதேன். காலேஜ்ல தெரிஞ்சுதான் கேக்கீங்கன்னு நெனச்சேன்.”

கலர் வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தோம். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். ஆட்டோவில் ஏறினோம். எனக்குக் குளிரெடுத்தது, பொய் சொல்லவில்லை, வைகாசியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்தத் தகடுகளில் தட்டு அழுத்தி, அதில் எங்கள் குழு பல நாள் மதியம் தயிர்ச் சாதம் சாப்பிட்டிருந்தது. நானும்தான். ஊறுகாயை ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒழுகவே இல்லை பார் என்று பெருமையடித்திருந்தேன்.

வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “சுடுகாட்டுல கோடியெல்லாம் என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஒண்ணு ரெண்டு உடம்போட போகும். மத்ததை உருவி ஓரமாக் குவிப்பாங்க. ஏன்?”

“நான் கொண்டு வந்த தட்டு...”

“அதுலதான் நான் சாப்பிடலியே. கவனிக்கலியா நீ?”

கவனித்திருந்தேன். சாதத்தை அப்படியே எவர்சில்வர் தட்டுக்கு மாற்றிக்கொண்டார். என் ஆராய்ச்சிக்கு வீட்டில் மதிப்பில்லை என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன்.

“சுடுசோறு பட்டதும் அந்த வாசம் வந்துச்சு. எங்கப்பாவுக்குக் கொள்ளி வச்சவன் நான். எனக்குத் தெரியாதா?” என்றார். “நீ ஆசையாக் கொண்டு வந்த. அதான் ஒண்ணும் சொல்லல.”

மறுநாள் தட்டுகளை எல்லாம் கரைக்கச் சொன்னேன். சாப்பாட்டுக்கு இனி இந்தத் தகடு இல்லை, நாற்றுத் தொட்டிக்கு மட்டும்தான் என்று குழுவிடம் அறிவித்தேன், காரணம் சொல்லவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு துணி பார்ப்போம் என்றேன்.

“எனக்கு அரிசி கெடந்த அன்னைக்கே தெரியும், மேடம்,” என்றாள்.

“அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாட்டி?”

“சொன்னா நிறுத்தியிருப்பீங்க.”

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. நிறுத்தலாமா வேண்டாமா என்பதை என் மேஜை மேல் வைத்துவிட்டு நின்றாள். தலைவி என்கிற சொல்லின் கனம் அன்றுதான் எனக்கு உறைத்தது. யோசித்தேன். துணி சுத்தமானது, கொதிக்கிற சோடாவில் வெந்தபின் எதுவும் மிஞ்சாது. யாரிடமும் பறிக்கவில்லை. ஆய்வேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதலாம். அறிவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செய் என்றேன்.

துணி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு சோதனை செய்து பார்த்தோம். கடையில் அதே ரகப் புது மல் வேட்டி வாங்கிக் கூழாக்கினோம். தகடு வந்தது, பலம் இல்லை. கோடித் துணியில் நெய்யும் மஞ்சளும் பட்டிருக்கும், கொழுப்பு நாரை இளக்கும் என்று எனக்குத் தோன்றியது. நெய் சேர்த்தோம். மஞ்சள் சேர்த்தோம். சந்தனம், பன்னீர், கடைசியில் கொஞ்சம் சாம்பிராணிப் புகைகூடக் காட்டினோம். ஒவ்வொரு முறையும் இரண்டாம் கரைப்பிலேயே தகடு பொடிந்தது. இதில் எதைச் சேர்க்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்புறம் காத்திருப்பு தொடங்கியது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தூரத்தில் எங்காவது கொட்டுச் சத்தம் கேட்டால் ஆய்வகத்தில் எங்கள் இருவர் கையும் நிற்கும். மற்றப் பெண்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் தலையைச் சாய்த்துக் கேட்போம். சத்தம் கோயில் பக்கமா, மார்க்கெட் பக்கமா, எந்தத் தெரு? பெரும்பாலும் அது ஏதாவது பூப்புனித நீராட்டுக்கு மாமன் சீர் கொண்டுபோகிற மேளமாக இருக்கும். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்புவாள். நானும் விடுவேன்.

எங்களுக்கு வேண்டும் என்று ஆனதும் ஊர் சாவதை நிறுத்திக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன். ஆடித்தபசுக்குக் கொடியேறியது, இறங்கியது, அந்தக் கூட்ட நெரிசலிலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவரை இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சொந்தம் எல்லாம் வந்து கூடி, பந்தலுக்கும் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து, டீயில் சீனி பத்தவில்லை என்று மருமகளைத் திட்டினார். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல செய்தி கேட்டு எரிச்சலா என்று ஒரு கணம் என் மேலேயே பயம் வந்தது.

சிவகிரிப் பக்கம் கேட்டுப் பார்த்தோம். அங்கே எல்லாம் வேறு வியாபாரிக்குப் போகிறதாம். அண்ணாச்சிக்கு வாரம் ஒருமுறை போன் போடுவேன். அவர் எடுத்தவுடன், “இன்னும் யாரும் இல்ல, மேடம்,” என்பார். துணி இல்லை என்று சொல்லாமல் யாரும் இல்லை என்றுதான் சொல்வார். ஆவணியில் ஒரு சின்ன மூட்டை அனுப்பினார். ஒரு தொட்டிக்குக் காணாது. அதை அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள். புரட்டாசியில் ஒன்றும் வரவில்லை.

அந்த மாதத்தில்தான் அவள் அம்மாவுக்கு உடம்பு மோசமானது. காலையில் அவள் வந்ததும், “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பது என் வழக்கம், வருஷக்கணக்காகக் கேட்கிறேன். ஒருநாள் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தபோது என் குரல் என் காதிலேயே வேறு மாதிரி ஒலித்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இருக்காங்க, மேடம்,” என்றாள். அன்றிலிருந்து நான் அதைக் கேட்பதை விட்டேன். விட்டதும் தவறாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் ஊசி வாங்க வெளியே போயிருந்தாள். அம்மா கட்டிலில் இருந்தார். கால் இரண்டும் வீங்கி, முகம் மட்டும் சின்னதாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ள வேலை முடிஞ்சிருமா, மேடம்?”

“முடிஞ்சிரும், அம்மா. நீங்க கவலைப்படாதீங்க.”

“துணி வரலியாமே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன துணி, எங்கிருந்து வருகிறது என்று மகள் எவ்வளவு சொல்லியிருக்கிறாள் என்று தெரியவில்லை. அவர்தான் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “வந்துரும், மேடம். ரொம்ப நாளாகாது.” அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. ரயில் வருகிற நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். நான் ஹார்லிக்ஸை ஜன்னலில் வைத்துவிட்டு, அவசர வேலை இருக்கிறது என்று வெளியே வந்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தபோது ஒரு காலையில் அவளிடமிருந்து செய்தி வந்தது. அம்மா இறந்துட்டாங்க, மேடம் என்று ஒரு வரி. என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்தார். மாலை வாங்கிக்கொண்டு போவோம் என்றார். நான் நடந்தே வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றேன்.

எங்கள் வழக்கத்தில் வெளி ஆட்கள் மாலைதான் போடுவார்கள். கோடி என்பது சொந்தக்காரர்களுக்கு உள்ளது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் குடையைப் பிடித்துக்கொண்டு ஜவுளிக் கடைக்குள் போனேன். கோடிக்கு வெள்ளைச் சேலை என்று கேட்டேன். கடைக்காரர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றின் ஓரத்தையும் காதருகே கொண்டுபோய் விரல்களுக்கிடையில் தேய்த்தேன். ஆய்வகத்தில் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். கஞ்சி நன்றாக ஏறியிருந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். முதல் சேலையில் சத்தம் இல்லை. இரண்டாவதில் கேட்டது. கடைக்காரர் நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை எனக்கு அந்த நிமிஷம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் வாங்கினேன்.

வீட்டு வாசலில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கூட்டம் அதிகமில்லை, சொந்தம் சிறியது. உடம்பின் மேல் கிடந்த கோடிகளும் சொற்பம்தான். என் கையில் சேலையைப் பார்த்ததும் ஒரு வயதான பெண் நகர்ந்து வழிவிட்டார். “டீச்சரு கோடி கொண்டாந்திருக்காக. எம்புட்டுப் பாசம் பாருங்க,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி இன்னும் சத்தமாக அழுதார். எனக்குத் தலை நிமிரவில்லை. சேலையைப் பிரித்துக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினேன். பன்னீர் தெளித்தார்கள், அது என் கையிலும் பட்டது.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரவு முழுக்க அழுது கண் இரண்டும் ரத்தமாக இருந்தது. அழுகையில் குறை சொல்ல முடியாது. அம்மாவைத் தவிர அவளுக்கு யாரும் கிடையாது. நான் குனிந்து அவள் தோளைத் தொட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா போயிட்டாங்க, மேடம்,” என்று கதறினாள். நானும் அழுதேன். அந்த அழுகை உண்மையானது.

கொஞ்ச நேரத்தில் அவள் தேம்பல் அடங்கியது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் மேல் கிடந்த என் சேலையின் ஓரத்தை எடுத்து, காதருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையில் தேய்த்தாள். அத்தனை ஒப்பாரிக்கு நடுவிலும் அந்தச் சரசரப்பு எனக்குக் கேட்டது. அவள் கண்ணைத் திறந்து உடம்பின் மேல் கிடந்த துணிகளை ஒருமுறை பார்த்தாள். தொட்டிக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“ஒண்ணுதான் வாங்கினீங்களா, மேடம்?”

பாடை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு மழையில் மறுபடியும் ஜவுளிக் கடைக்கு நடந்தேன்.